அச்சு முறிந்த ஊரில் இரட்டை கார்புரேட்டர்!

வண்டி மக்கர் பண்ணுவதற்கென்றே ஒரு ஊர் உண்டென்றால் அது எங்கள் அச்சரப்பாக்கம்தான். சும்மா சொல்லவில்லை, புராணமே சாட்சி. திரிபுரத்தை எரிக்கக் கிளம்பிய சிவபெருமானின் தேர், இங்கே வந்ததும் அச்சு முறிந்து உட்கார்ந்துவிட்டதாம். காரணம், புறப்படும்போது பிள்ளையாரைக் கும்பிட மறந்தது. பெற்ற அப்பாவாச்சே என்று பிள்ளையார் சலுகை காட்டவில்லை! 'அச்சு இறு பாக்கம்'தான் மருவி அச்சரப்பாக்கம் ஆயிற்று என்பார்கள். ஈசனுக்கு ஆட்சீஸ்வரர் கோயில் இருக்கிறது. அச்சை முறித்தவருக்கும் 'அச்சுமுறி விநாயகர்' என்ற பெயரில் கோயில் இருக்கிறது.

இப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, 1969 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என் சித்தப்பா. வயது 78. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பையனாகச் சேர்ந்து தலைமை மெக்கானிக்காக ரிட்டயர் ஆனவர். அடியேன் பி.காம். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தேய்மானம் எத்தனை சதவீதம் போடலாம் என்பது மட்டும்தான்.

போன மாசம் ஒரு ராத்திரி சித்தி போன் செய்தார். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"தம்பி, உங்க சித்தப்பாவுக்குக் காது சரியா விழலப்பா. வண்டி இருமிக்கிட்டே ஓடுது. தெருவே சிரிக்குது. அவரு என்னடான்னா 'வீணை மாதிரி பாடுது பாரு'ன்றாரு. வர்ற வெள்ளிக்கிழமை பேத்தி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அதுலதான்னு வாக்கு குடுத்துட்டாரு. நீ வந்து பக்குவமா சொல்லு."

எமனிடம் போய், 'உங்கள் எருமைக்குக் கால் நொண்டுகிறது' என்று பக்குவமாகச் சொல்லும் வேலை! சனிக்கிழமை காலை பாசஞ்சர் ரயிலில் போய் இறங்கினேன்.

ஒரே வீட்டில் இரண்டு மருமகள்

ஹெரால்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1961 முதல் நம் வண்டலூர் தொழிற்சாலையில் தயாரான கார் இது. இத்தாலிக்காரர் மிக்கலாட்டி வரைந்த டிசைன். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் கவிழும். முதலை வாயைப் பிளந்த மாதிரி இருக்கும். இன்ஜினுக்குப் பக்கத்திலேயே டயர் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம்.

கம்பெனியில் இந்த வண்டிக்கு ஒரே ஒரு கார்புரேட்டர்தான். சித்தப்பாவின் வண்டியில் இரண்டு! சோழவரம் பழைய விமான ஓடுபாதையில் கார் பந்தயம் நடந்த காலத்தில், சக்கரம் மாட்டுகிற பையனாகப் போய் வந்தவர் அவர். அங்கே பிடித்த பைத்தியம். இதே 948 சி.சி. இன்ஜினுக்கு இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு கூப்பேயில் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர் வைத்து, கிட்டத்தட்ட பத்து குதிரை சக்தி கூடுதலாக எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டு, புதுப்பேட்டையில் சல்லடை போட்டுத் தேடி ஒரு ஜோடியை வாங்கி மாட்டிவிட்டார்.

எஸ்.யு. என்றால் 'ஸ்கின்னர்ஸ் யூனியன்'. செருப்பு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் கண்டுபிடித்தது. அதனாலோ என்னவோ, ஆரம்பத்தில் உள்ளே தோலில் செய்த துருத்திதான் வைத்தார்களாம்! பிறகு அது உலோக பிஸ்டனாக மாறியது. இன்ஜின் எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறதோ அந்த அளவுக்கு பிஸ்டன் மேலே எழும்பும். அதன் அடியில் கூரான ஊசி ஒன்று தொங்கும். ஊசி மேலே போகப் போக, கீழே ஜெட்டில் இடைவெளி அகன்று பெட்ரோல் கூடுதலாக வரும். கேட்டுப் பரிமாறும் சம்பந்தி மாதிரி, பசிக்குத் தகுந்த சாப்பாடு.

சிக்கல் என்னவென்றால், நாலு சிலிண்டரில் இரண்டுக்கு இந்த கார்புரேட்டர், இரண்டுக்கு அந்த கார்புரேட்டர். ஒரே சமையலறையில் இரண்டு மருமகள்! ஒருத்தி காரம் தூக்கலாகப் போட்டு, இன்னொருத்தி உப்பே போடாவிட்டால் குடும்பம் என்ன ஆகும்? இன்ஜின் இருமும்.

இட்லிப் பாத்திரத்தில் ஃப்ளோட்

"இன்னாடா கணக்குப்பிள்ளை, திடீர்னு?" என்றார் சித்தப்பா.

பக்குவம் எல்லாம் ரயிலிலேயே இறங்கிப் போய்விட்டது. "ஒண்ணுமில்ல சித்தப்பா, இந்த ரெட்டை கார்புரேட்டர் வேலையை எனக்குக் கத்துக் குடுங்களேன்" என்று உளறினேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கையில மோதிரத்தைக் கழட்டிட்டு வா."

முதல் பாடம்: கார்புரேட்டரைத் தொடாதே! "வண்டி இருமுனா எல்லாரும் மொதல்ல கார்புரேட்டர் ஸ்க்ரூவைத்தான் திருகுவான். கோளாறு பாதி நேரம் கரண்டுல இருக்கும்." டாப்பட் இடைவெளி, பாயின்ட், டைமிங், பிளக் எல்லாம் பார்த்தோம். பிளக் முனை ஃபில்டர் காபி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரிக்கட்டையாக இருந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. வெளுத்துக் கிடந்தால் பெட்ரோல் போதவில்லை. எங்கள் பிளக்குகளில் முன்னால் இரண்டு வெளுப்பு, பின்னால் இரண்டு கறுப்பு!

அப்புறம் கழற்றல். இரண்டு கார்புரேட்டரையும் தனித்தனி தட்டில் வைக்கச் சொன்னார். பிஸ்டனும் அதன் மூடியும் ஜோடி பார்த்துச் செய்தவை, மாற்றிப் போட்டால் சிக்கிக்கொள்ளும். பித்தளை ஃப்ளோட்டில் ஒன்றைக் காதருகே ஆட்டினேன். உள்ளே 'களக் களக்' என்றது. ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது. சித்தப்பா சித்தியின் இட்லிப் பாத்திரத்தில் கொதிநீர் பிடித்து, அடுப்பை அணைத்துவிட்டு, முற்றத்துக்குக் கொண்டுவந்து ஃப்ளோட்டை முக்கினார். ஓட்டை இருந்த இடத்தில் முத்து முத்தாகக் குமிழி வந்தது. உள்ளே இருந்ததைச் சுத்தமாக வெளியேற்றிக் காயவைத்த பிறகுதான் ஈயப் பற்று வைத்தார். (அந்தப் பாத்திரத்தில் இனிமேல் இட்லி கிடையாது என்று சித்தி அறிவித்ததை இங்கே விவரிக்கவில்லை.)

த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடியது. அந்தச் சந்து வழியாகக் கள்ளக்காற்று புகுந்தால் எந்த ட்யூனிங்கும் நிற்காது. செங்கல்பட்டு லேத்தில் புது பித்தளை புஷ் கடைந்து வாங்கி வந்தோம். ரப்பர் ஹோஸ், வாஷர் எல்லாவற்றையும் மாற்றினோம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது, ஊறி உப்பிவிடும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய கணக்கில் விட்டால் கலவையும் வெளுத்துப்போகும். பிஸ்டன் மேல் குழாயில் தையல் மிஷின் எண்ணெய் ஊற்றி, பிஸ்டனைத் தூக்கி விட்டால் இறங்கி 'டக்' என்று உட்கார வேண்டும். இரண்டும் உட்கார்ந்தன.

டிரையல் பாலன்ஸ்

ஞாயிறு காலை ஆறு மணி. வண்டி ஸ்டார்ட் ஆகிச் சூடேறியது. இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் கம்பியைத் தளர்த்தினார். இனி ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம். டிக்கியிலிருந்து ஒரு முழ நீள ரப்பர் டியூப்பை எடுத்தார். ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்தால் 'உஸ்ஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும். இரண்டிலும் ஒரே உஸ் வரும்வரை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும்.

டியூப்பை வாங்கித் தன் காதில் வைத்தார். ஸ்க்ரூவைத் திருப்பினார். மறுபடி வைத்தார். இன்ஜின் இருமியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன். சித்தி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சட்டென்று டியூப்பை என் கையில் திணித்தார் சித்தப்பா.

"நீ கேளு. எனக்கு ஆறு மாசமா இந்தச் சத்தம் கேக்கலடா."

நான் திகைத்து நின்றேன்.

"காது மிஷின் வாங்கிப் பாத்தேன். பேச்சு கேக்குது. இந்த உஸ்ஸை மட்டும் அது இரைச்சல்னு நெனச்சு அடக்கிடுது. நாப்பது வருஷமா எனக்குச் சோறு போட்ட சத்தம்டா, அது இரைச்சலாம்! உங்க சித்திகிட்ட சொன்னா வண்டியை வித்துடுன்னுவா. யாராவது கத்துக்க வருவானான்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீ வந்தே."

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். காபி போட என்று நினைக்கிறேன்.

என் காதும், அவர் கையும் சேர்ந்து வேலை செய்தன. "முன்னாலது பெருசா கேக்குது சித்தப்பா." கால் சுற்று. "இப்போ?" "கொஞ்சம்." இன்னும் ஒரு மயிரிழை. இரண்டு உஸ்ஸும் ஒன்றானபோது, "டாலி ஆயிடுச்சு!" என்று கத்தினேன்.

"அவசரப்படாதே. ரெண்டும் ஒரே மாதிரி தப்பா இருந்தாலும் சமமாத்தான் இருக்கும்."

அசந்துபோனேன். பி.காம். முதல் வருஷத்தில் எங்கள் வாத்தியார் தலையில் குட்டிச் சொன்ன அதே பாடம்! டிரையல் பாலன்ஸ் டாலி ஆனாலே கணக்கு சரி என்று அர்த்தமில்லை.

அடுத்தது கலவை. பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிப் பார்க்க வேண்டும். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் போனால் குறைவு. லேசாகக் கூடி, உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியிலிருக்கும் ஜெட் நட்டுக்கு ஆறு முகம் உண்டு, ஒரு நேரத்தில் ஒரு முகம்தான் திருப்பலாம். முன்னால் இருந்ததற்கு இரண்டு முகம், பின்னால் இருந்ததற்கு எதிர்ப்பக்கம் ஒரு முகம். இதற்குச் சித்தப்பாவுக்குக் காதே தேவைப்படவில்லை. மட்கார்டில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "வந்துச்சு" என்றார்.

உஸ்ஸை மறுபடி கேட்டுச் சரிபார்த்து, இணைப்புக் கம்பியை முடுக்கினோம். இருமல் போயே போச்சு.

பிள்ளையார் சுழி

2020-ல் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபிறகு புதிதாக வரும் பைக்கில்கூட பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. மறைமலை நகரில் மாருதிக்குக் கார்புரேட்டர் செய்து கொடுத்த அதே ஜி.எஸ்.டி. ரோட்டில், இப்போது கம்ப்யூட்டர் சொல்லி பெட்ரோல் பீய்ச்சுகிறது. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் சட்டம் வந்தது. 20,000 ரூபாய் கட்டணம், ஆனால் கண்காட்சி, ராலி மாதிரி விசேஷங்களுக்குத்தான் ஓட்டலாம். சித்தப்பாவிடம் சொன்னேன். "மார்க்கெட்டுக்குப் போகாத வண்டி எதுக்குடா?" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பூ அலங்காரத்தோடு ஹெரால்டு தயார். டிரைவர் சீட்டில் சித்தப்பா. பக்கத்தில், சட்டைப்பையில் ரப்பர் டியூப்போடு நான். பின்னால் மாப்பிள்ளை, கொஞ்சம் பயந்த முகத்தோடு.

"மாமா, வழியில நிக்காதே?" என்று கல்யாணப் பெண் என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் சித்தப்பா வண்டியை நகர்த்திவிட்டார். மண்டபத்துக்கு நேர் வழி இருக்க, எதிர்ப்பக்கம் திருப்பினார். "எங்கே சித்தப்பா போறீங்க?"

"அச்சுமுறி விநாயகருக்கு ஒரு தேங்காய் உடைச்சுட்டுப் போயிடலாம். சிவபெருமான் பண்ண தப்பை நாம பண்ணக் கூடாது."