தண்ணீர் போய்வரும் வழி

ஜாம்புவானோடையில் படகேறிக் கோரையாற்றின் வழியே முத்துப்பேட்டைக் காயலுக்குப் போகிறவர்களுக்கு, இரு கரையிலும் நெருங்கி நிற்கும் அலையாத்தியைப் பார்த்தால் ஆதிகாலம் தொட்டு இப்படியே இருக்கும் காடு என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் காட்டின் உட்புறத்தில் பெரும்பரப்பு மரமே இல்லாமல் உப்புப் பூத்துக் கிடந்தது. அங்கே தலைகாட்டிய ஒரே செடி உமரி.

விறகுக்காக இந்தக் காட்டை முறைவைத்து ஒட்ட வெட்டினார்கள். ஒரு கூப்பு, அதாவது வெட்டுக்கென ஒதுக்கிய பகுதி, முடிந்தால் அடுத்த கூப்பு. பிரிட்டிஷ் ஆட்சியில் தொடங்கிய வழக்கம் இது. 1937-ல் ஒதுக்குக் காடாக அறிவித்த பிறகும் நிற்கவில்லை, 1970-களில்தான் ஓய்ந்தது. வெட்டிய இடத்தில் தானாக முளைத்துவிடும் என்று நம்பியிருப்பார்கள். மற்றக் காடுகளில் அது நடக்கும், சதுப்பில் நடக்காது. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து அமிழ்ந்தது. ஆற்றங்கரை மேடாக நிற்க, நடுப்பகுதி தாம்பாளம் மாதிரி குழிந்துவிட்டது. பெரிய ஓதத்தில் கரை தாண்டி உள்ளே வந்த கடல்நீருக்குத் திரும்ப வழியில்லை. தேங்கி, வற்றி, உப்பை மட்டும் விட்டுப் போனது. கடல்நீரையும் மிஞ்சிய அந்த உப்பில் அலையாத்தி விதை விழுந்தாலும் பிழைக்கவில்லை.

அலையாத்திக்கு உப்பைத் தாங்கத் தெரியாது என்றில்லை. ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள்: காய்ந்த நாளில் நுண்ணிய உப்புப் பரல்கள் ஒட்டியிருக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றிவிடும் மரம் அது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்பது காற்றுக்காக. தேங்கிய நீர் வடியாமல் அவற்றை நாள்கணக்கில் மூழ்கடித்தால் மரம் பட்டுவிடும். ஓதம் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும்.

உமரியின் வழி வேறு. அது உப்பை வெளியேற்றாமல் தன் சதைப்பற்றான இலையிலேயே வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் பச்சை, கோடை முற்ற முற்றச் சிவப்பு. கடலோர ஊர்களில் இளந்தளிரைக் கிள்ளி, வேகவைத்து நீரை வடித்துவிட்டுக் கீரையாகச் சமைப்பார்கள். உப்புப் போட வேண்டியதில்லை.

1990-களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கடலோரக் கிராமத்தாரைச் சேர்த்துக்கொண்டு வேலையில் இறங்கியபோது, மரம் நடுவதற்கு முன் மண்வெட்டியை எடுத்தார்கள். ஆற்றிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் போன்ற அமைப்பு. ஓத நீர் ஒவ்வொரு நாளும் உள்ளே வந்து, உப்பைக் கழுவி, இறங்கிப் போனது. வாய்க்கால் ஓரத்தில் நட்ட அலையாத்தி தழைத்தது. இந்தப் பகுதி மீனவர்களுக்கு வாய்க்கால் புதிதல்ல. ஆற்றிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடிப்பது இங்கே பழைய தொழில். ஓதத்தின் போக்கு அறிந்த கைகள் அவை. இந்தக் காட்டின் மீட்சியைப் பற்றிப் பேசும்போது அந்த அறிவுக்கு இன்னும் உரிய இடம் கொடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் வந்தது. முறிந்தவை, சாய்ந்தவை போக, நின்றபடியே பட்டுப்போன மரங்கள் ஏராளம். சில மாதங்களுக்குக் காடு சாம்பல் நிறமாகவே தெரிந்தது. ஆனால் நீர் ஏறி இறங்கிய இடங்களில் கன்றுகள் எழுந்தன. அலையாத்தியின் காய் மழைக்காலத்தில் உதிரும். நீரில் மிதக்கும்போதே தோல் கழன்று, மடித்து வைத்தது போன்ற தடித்த இரு வித்திலைகள் விரியும். ஒதுங்கிய சேற்றில் சில நாளில் வேர் பிடித்துவிடும். நீர் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும், விதைக்க ஆள் வேண்டாம்.

மாறாதிருக்கும் குறை நன்னீர். பாமணியாறும் கோரையாறும் காவிரியின் கடைமடைக் கிளைகள். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு ஆற்றுநீரின் போக்கே மாறியது. இப்போது மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் காயலுக்கு வந்து சேரும் நன்னீர் மிகக் குறைவு. உப்பைப் பெரிதும் தாங்கும் அலையாத்தியே இங்கு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். தில்லையும் நரிக்கண்டலும் கழுதைமுள்ளியும் ஆங்காங்கே உண்டு, அவ்வளவுதான். பிச்சாவரத்தில் அடர்ந்து நிற்கும் சுரபுன்னையை இங்கே கொண்டுவந்து நட வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உமரி நிற்கும் திறந்தவெளியைக் கண்டாலே ‘தரிசு’ என்று எழுதி, மரக்கன்று நடத் திட்டம் போடுகிறோம். வெட்டினதால் கெட்ட நிலம் வேறு, இயல்பிலேயே உமரி வளரும் உவர்நிலம் வேறு. பின்னதில் உள்ளான்களும் பூநாரைகளும் இரை தேடுகின்றன. அதை மரமாக்குவது மீட்பு ஆகாது. நடுவதற்கு முன் அந்த இடத்தில் எப்போதாவது மரம் இருந்ததா என்று கேட்க வேண்டும்.

வெட்டிய வாய்க்கால்களும் வண்டல் படிந்து தூர்ந்துகொண்டே இருக்கின்றன. நட்ட கன்றுகளின் எண்ணிக்கை ஆண்டறிக்கையில் வருகிறது. எத்தனை வாய்க்காலில் இன்றைக்கும் ஓதம் ஏறி இறங்குகிறது என்ற கணக்கும் அதன் பக்கத்திலேயே வர வேண்டும்.