அயனாக்கமும் தற்குறிப்பேற்றமும்

உப்பு நீரிற் கரையும்போது ஏற்றம் பெற்ற துணிக்கைகளாகப் பிரிந்துவிடுகிறது என்று சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியஸ் 1887 ஆம் ஆண்டில் விளக்கியபோது, இரசாயனவியலாளர் பலர் அதனை ஏற்கவில்லை. சோடியம் நீருடன் உக்கிரமாகத் தாக்கமுறும் உலோகம். குளோரீனோ நச்சு வாயு. இவை உப்புநீரில் அமைதியாக உலவுவது எவ்வாறு என வினவினர். நியாயமான ஐயமே. 1897 இல் ஜே. ஜே. தொம்சன் இலத்திரனை இனங்கண்ட பின்னரே அணுவுக்கும் அயனுக்குமுள்ள வேறுபாட்டின் பொருள்சார் அடிப்படை புலப்படலாயிற்று.

சோடியம் அணுவின் கருவில் 11 புரோத்தன்கள் உள்ளன. அதனைச் சூழ்ந்த 11 இலத்திரன்களும் 2, 8, 1 என ஓடுகளில் அமைந்துள்ளன. ஈற்றோட்டிலுள்ள ஒன்று நீங்கின் எஞ்சுவது ஓரலகு நேரேற்றங்கொண்ட சோடியம் அயன். 17 இலத்திரன்களையுடைய குளோரீன் அணு மேலும் ஒன்றை ஏற்கையில் மறையேற்றங்கொண்ட குளோரைட்டு அயனாகின்றது. கருவில் எம்மாற்றமும் இல்லை. ஆயினும் பண்பு முற்றாக மாறிவிடுகின்றது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாதலை விளக்க எங்கெல்ஸ் இரசாயனவியலை நாடியமை தற்செயலன்று.

ஆனால், சோடியம் இலத்திரனைக் கொடுக்க 'விரும்புகிறது', குளோரீன் அதற்காக 'ஏங்குகிறது' என்றே வகுப்பறைகளிற் பெரும்பாலும் கூறப்படுகிறது. இலக்கிய மாணவர் இதனை உடனே இனங்காண்பர்: தற்குறிப்பேற்ற அணி. மதுரை மதிற்கொடிகள் கோவலனை வரவேண்டாமெனக் கைகாட்டின எனச் சிலப்பதிகாரம் கூறும்போது அது கவிதை. காற்றே கொடியை அசைத்ததென்பதை இளங்கோவும் அறிவார். விஞ்ஞான விளக்கத்தில் அதே அணி, காரணம் இருக்கவேண்டிய இடத்தில் நோக்கத்தை அமர்த்திவிடுகிறது. இது கருத்துமுதல்வாதத்தின் எளிய நுழைவாயில்.

கணக்கு வேறொன்றைக் கூறுகின்றது. வாயுநிலையிலுள்ள ஒரு மூல் சோடியம் அணுக்களிலிருந்து ஓரோர் இலத்திரனை அகற்ற ஏறத்தாழ 496 கிலோயூல் சத்தி வேண்டும். ஒரு மூல் குளோரீன் அணுக்கள் அவற்றை ஏற்கையில் வெளிவிடப்படுவதோ 349 கிலோயூல் மட்டுமே. தனித்து, தொலைவில் நிற்கும் அணுக்களிடையே இக்கைமாற்றம் நட்டத்திலேயே முடியும். எதிரேற்ற அயன்கள் ஒன்றையொன்று கவர்ந்து பளிங்குச் சாலகமாக ஒழுங்குறும்போது வெளிவிடப்படும் ஏறத்தாழ 787 கிலோயூலே அந்நட்டத்தை ஈடுசெய்கின்றது. ஆகவே அயனாக்கத்தின் காரணம் தனியணுவின் 'இயல்பில்' மட்டுமன்றி, அணுக்களுக்கிடையிலான உறவிலும் தங்கியுள்ளது. எட்டு இலத்திரன் நிறைவு என்பது விளைவின் வருணனையே.

சோடியத்தின் இரண்டாவது இலத்திரன் உள்ளோட்டைச் சார்ந்தது. அதனை அகற்ற மூலொன்றுக்கு மேலும் ஏறத்தாழ 4562 கிலோயூல் தேவை. எந்தச் சாலகமும் அச்செலவைத் தாங்காமையால், ஈரலகு நேரேற்றங்கொண்ட சோடியம் அயனை நாம் எவ்வுப்பிலும் காண்பதில்லை.