குதிரையின் அறிவும் மனிதரின் மயக்கமும்

உயிர்களை அவற்றின் அறிவுநிலைக்கேற்ப ஓரறிவுயிர் முதலாக ஆறறிவுயிர் ஈறாக வகுத்துக் காட்டும் தொல்காப்பிய மரபியல், விலங்குகளை ஐயறிவுயிர்களுள் அடக்குகின்றது. ஆயினும் விலங்குகளுள்ளும் ஒருசாரன ஆறாவதாகிய மனவறிவு உடையன எனக் கொள்வதற்கும் அங்கு இடமுண்டு. உரையாசிரியர் அதற்கு எடுத்துக்காட்டாக யானை, குரங்கு, கிளி முதலியவற்றைக் கூறுவர். குதிரையின் பெயர் அவ்வரிசையில் வெளிப்படக் கூறப்படவில்லை. தேரிற் பூட்டப்பட்டும் போர்க்களம் புகுந்தும் மனிதரோடு நெடுங்காலம் உடனுறைந்த அவ்விலங்குக்கு அறிவு உண்டா? உண்டெனின் அது எத்தகையது?

வினா எளியது போலத் தோன்றினும் விடை காண்பது எளிதன்று. விலங்கு தன் உள்ளத்தை வாய்விட்டுக் கூறமாட்டாது. அதன் செயலைக் கண்டு மனிதரே பொருள் கொள்ளல் வேண்டும். அவ்வாறு பொருள் கொள்ளுமிடத்து, அவர்தம் விருப்பும் வெறுப்பும் செருக்கும் அவரை அறியாமலே உட்புகுந்து விடுகின்றன. இதனை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பேர்லின் மாநகரில் நிகழ்ந்த ஒரு வரலாறு தெளிவாகக் காட்டும். அவ்வரலாற்றினை ஆராய்ந்து, குதிரையின் அறிவு இத்தகையது என்பதையும், மனிதர் அதனைப் பிழைபட உணர்ந்தவாற்றையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேர்லினில் வில்லெம் வொன் ஒஸ்ரன் என்னும் முதியவர் ஒருவர் வாழ்ந்தார். கணித ஆசிரியராகப் பணிபுரிந்து இளைப்பாறியவர். முறைப்படி கற்பித்தாற் குதிரையும் பள்ளிச் சிறுவனைப் போலக் கல்வி கற்கும் என்பது அவர்தம் உறுதியான நம்பிக்கை. ஆதலின் ஹான்ஸ் என்னும் குதிரையைத் தம் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, மரக்கட்டைகளும் மணிச்சட்டமும் கரும்பலகையும் கொண்டு நான்காண்டு காலம் அதற்குப் பாடஞ் சொன்னார். விடை சரியாயின் கரட் துண்டோ பாண் துண்டோ பரிசாகக் கிடைக்கும். ஹான்ஸ் தன் முன்னங்காற் குளம்பினால் நிலத்திற் தட்டி விடைகளை எண்ணிக் காட்டியது. கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் ஆகிய நான்கினையும் செய்தது. பின்னங்களுக்குத் தொகுதியை முதலிலும் பகுதியைப் பின்னரும் தட்டியது. நாட்காட்டியும் மணிக்கூடும் அறிந்தது போல நடந்தது. எழுத்துக்களை எண்களாக மாற்றிச் சொற்களையும் கூட்டிக் காட்டியது. ஒஸ்ரன் இக்காட்சிக்குக் காசு வாங்கியவரல்லர். பொருள் தேடும் ஏமாற்று வித்தை என்று அவரை ஒதுக்கிவிட இயலாமற் போனமைக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

1904ஆம் ஆண்டில் ஹான்ஸின் புகழ் ஐரோப்பா முழுவதும் பரந்தது. கடல் கடந்து அமெரிக்கப் பத்திரிகைகளிலும் செய்தியாயிற்று. உண்மையை ஆராய 13 பேர் கொண்ட குழுவொன்று கூடியது. பேர்லின் சர்வகலாசாலையின் உளநூற் பேராசிரியர் கார்ள் ஸ்ரும்ப் அதனை வழிநடத்தினார். மிருகக்காட்சிச்சாலைத் தலைவர், சர்க்கஸ் நடத்துபவர், மிருக வைத்தியர், ஆசிரியர் எனப் பல துறையினரும் அதில் இருந்தனர். விலங்குகளைப் பழக்குவோர் வழக்கமாகக் கையாளும் மறைகுறிப்பு எதனையும் அவர்களாற் காண முடியவில்லை. ஒஸ்ரன் அவ்விடத்தில் இல்லாதபோதும், பிறர் வினவ ஹான்ஸ் சரியான விடை கூறியது. ஆகவே இதில் வஞ்சகம் யாதும் இல்லை எனச் செப்டெம்பர் மாதத்தில் அக்குழு அறிவித்தது. பொதுமக்களோ, குதிரைக்குக் கணக்கறிவு உண்டு என்று அறிஞரே ஒப்புக்கொண்டதாக அதற்குப் பொருள் கொண்டனர்.

ஸ்ரும்ப் அதனோடு அமையவில்லை. மேலும் ஆராயுமாறு தம் மாணவரான ஒஸ்கார் புங்ஸ்ற் என்பவரை ஏவினார். புங்ஸ்ற் கையாண்ட முறை மிக எளியது. ஆயின் அதுவரை எவருக்கும் தோன்றாதது. எண் எழுதிய அட்டைகளைக் குதிரைக்குக் காட்டினர். சில வேளைகளில் வினவுபவர் அவ்வெண்ணை அறிந்திருந்தார். வேறு சில வேளைகளில் அவரே அதனைப் பாராமல் அட்டையைக் குதிரைக்கு மட்டும் காட்டினார். வினவியவர் எண்ணை அறிந்தபோது ஹான்ஸின் விடைகளுள் நூற்றுக்கு 98 சரியாயின. அவர் அறியாதபோது நூற்றுக்கு 8 மட்டுமே சரியாயின. அவ்வாறே இருவர் தனித்தனியே ஒவ்வோர் எண்ணைக் குதிரையின் செவியிற் சொல்லிக் கூட்டச் செய்தபோது, கூட்டுத்தொகையை அறிந்த மனிதர் எவரும் அருகில் இல்லாமையால் குதிரையும் விடை காணமாட்டாது தடுமாறியது. பக்கப் பார்வையை மறைக்கும் கண்பட்டை அணிவித்து, வினவுபவரைக் காணாதவாறு செய்தபோதும் அது தவறியது. குதிரையின் விடை கரும்பலகையில் இருந்து வரவில்லை, வினவுபவரின் உடலில் இருந்தே வந்தது என்பது இவற்றால் உறுதியாயிற்று.

அது வந்த வழியையும் புங்ஸ்ற் கண்டறிந்தார். வினாவை முடித்ததும் வினவுபவர், குதிரையின் காலைக் காணும்பொருட்டுத் தலையைச் சிறிது முன்சாய்ப்பார். ஹான்ஸ் தட்டத் தொடங்கும். சரியான எண் நெருங்க நெருங்க அவர் உள்ளத்தில் ஓர் இறுக்கம் மிகும். அவ்வெண் வந்தவுடனே அது தளர, தலை சிறிது நிமிரும். ஹான்ஸ் நிறுத்திவிடும். ஒஸ்ரனின் அசைவு ஒரு மில்லிமீற்றர் அளவிலும் அதற்குக் குறைவாகவுமே இருந்தது. வினா ஏதும் கேளாமலே முன்சாய்ந்து நின்றாலும் குதிரை தட்டியது, நிமிர்ந்தால் நிறுத்தியது. உண்மையை அறிந்த பின்னரும் தம் தலையசைவை அடக்குவது புங்ஸ்ற்றுக்கே அரிதாயிற்று. பின்னர் ஆய்வுகூடத்திலே குதிரையின் இடத்தில் தாமே அமர்ந்து, பிறர் மனத்திற் கொண்ட எண்களைக் கையாற் தட்டிக் காட்டினார். அவ்வாறு ஆராயப்பட்ட 25 பேரில் 23 பேர் தம்மை அறியாமலே அதே அசைவினைக் காட்டினர். இவ்வாராய்ச்சி 1907ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது.

ஒஸ்ரன் இம்முடிபினை ஏற்றுக்கொள்ளவில்லை. பிறரை ஏமாற்றாத அவர், தம்மையே ஏமாற்றிக்கொண்டார் என்பதை ஒப்புவது அவருக்கு அரிதாயிருந்தது போலும். 1909ஆம் ஆண்டில் அவர் காலமானார். ஹான்ஸைப் பெற்றுக்கொண்ட கார்ள் கிறால் என்னும் வணிகர், எல்பர்பெல்ட் நகரிலே வேறு குதிரைகளையும் பழக்கி, அவை வர்க்கமூலம் முதலியவற்றையும் காண்கின்றன எனப் பறைசாற்றி 1912ஆம் ஆண்டில் நூலும் வெளியிட்டார். புங்ஸ்ற்றின் ஆராய்ச்சி வெளிவந்து ஐந்தாண்டுகள் கடந்த பின்னரும் இந்நூலுக்கு வாசகர் இருந்தனர் என்பது எண்ணத்தக்கது. விரும்பிய ஒன்றை நம்பிய உள்ளம் சான்று கண்டு எளிதில் மாறுவதில்லை.

இவ்வரலாற்றில் இரு மயக்கங்கள் புலப்படுகின்றன. குதிரைக்கு மனிதனின் கணக்கறிவைச் சார்த்தியது முதல் மயக்கம். கணக்கறியாமை வெளிப்பட்டதும், அறிவே இல்லாத வெறும் பழக்கப் பொறியென அதனை ஒதுக்கியது இரண்டாவது மயக்கம். பின்னையது முன்னையதிலும் பெரிய பிழை எனலாம். 13 பேர் கூர்ந்து நோக்கியும் காணாத ஒன்றைக் குதிரை கண்டது. முன்பின் அறியாதவர் வினவியபோதும், அவர்தம் தலையின் நுண்ணசைவைப் பற்றிக்கொண்டது. அதனிடம் கணக்கறிவைத் தேடியவர்கள், அது தங்களையே கற்றுக்கொண்டிருந்ததைக் காணத் தவறினர்.

இத்திறன் குதிரைக்கு எவ்வாறு வாய்த்தது? பரந்த புல்வெளியிலே கூட்டமாக மேய்ந்து, கொடுவிலங்கு கண்டால் ஓடித் தப்புவது அதன் இயல்பு. ஒன்று தலை நிமிர்த்தினால் ஏனையவும் அக்கணமே விழிப்படைதல் வேண்டும். துணையின் சிறு அசைவையும் உணராத குதிரை உயிர் பிழைப்பதரிது. ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திற் கொணரப்பட்டவற்றின் வழிவந்து, இன்று நெடுந்தீவின் வெளிகளிற் கட்டின்றித் திரியும் குதிரைகளிடத்தும் இக்கூட்ட வாழ்வினைக் காணலாம். கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்திருத்தலால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 பாகை அளவுக்குக் குதிரை சுற்றுப்புறத்தை நோக்கவல்லது. நெற்றிக்கு நேர்முன்னே மிக அண்மையிலும், வாலுக்கு நேர்பின்னேயும் உள்ளவை மட்டும் அதற்குத் தோன்றா. நிறங்களுள் நீலமும் மஞ்சளும் அதற்கு நன்கு புலனாகும். சிவப்பையும் பச்சையையும் வேறுபிரித்தறிதல் அரிது. செவிகள் இரண்டும் தனித்தனியே திரும்பி ஒலி வரும் திசையை நாடும்.

இவ்வமைப்பை அறியாதார் குதிரையின் செயல்களுக்குத் தம் மனம்போனவாறு பெயரிடுவர். வழியிற் கிடக்கும் கடதாசியைக் கண்டு அது துள்ளினால் மூடத்தனம் என்பர்; அடியெடுத்து வைக்க மறுத்தாற் பிடிவாதம் என்பர்; பின்புறமாக வந்தவரை உதைத்தால் வஞ்சம் என்பர். துள்ளியது, புதுப்பொருளைப் பகையென ஐயுற்று முந்திக்கொள்ளும் இயல்பினால். நின்றது, அச்சத்தினாலோ நோவினாலோ, கூறப்பட்டது விளங்காமையினாலோ. உதைத்தது, காணாத திசையிலிருந்து திடீரெனத் தீண்டப்பட்டமையால். அச்சமுற்ற வேளையிற் சவுக்கடியும் விழுமாயின், அப்பொருளோடு நோவினையும் சேர்த்தே குதிரை நினைவிற் கொள்ளும். அடுத்த முறை அச்சம் இருமடங்காகும். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலே குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கராகிய செனொபன், சினத்தோடு குதிரையை அணுகலாகாது எனவும், அஞ்சிய குதிரையை அடித்து ஏவுவது அச்சத்தை மிகுவிக்கும் எனவும் அன்றே அறிவுறுத்தியுள்ளார். இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் மரபு தோன்றி ஏறத்தாழ 4200 ஆண்டுகளாயின என்பர். அத்துணைக் காலம் உடன்வாழ்ந்தும், அச்சத்தையும் பிடிவாதத்தையும் வேறுபிரித்தறியாமல் அடிக்கும் கைகள் இன்னும் ஓயவில்லை.

அண்மைக்கால ஆய்வுகள் குதிரையின் அறிவைக் குதிரையின் வாழ்வுக்கு ஏற்ற வினாக்களாற் சோதிக்கின்றன. நோர்வே நாட்டு ஆய்வாளர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றிலே, 23 குதிரைகளுக்கு மூன்று பலகைக் குறிகளைக் கற்பித்தனர். போர்வை போர்த்துக, போர்வை நீக்குக, உள்ளவாறே விடுக என்பன அக்குறிகளின் பொருள். இரு வாரத்துள் எல்லாக் குதிரைகளும் அவற்றைக் கற்றன. வெயிலிற் போர்வையை நீக்கும் குறியையும், குளிர்மழையிற் போர்த்தும் குறியையும் மூக்கினாற் தொட்டுக் காட்டின. அதே ஆண்டில் யப்பானின் கோபே சர்வகலாசாலையார் ஆராய்ந்தபோது, உணவு ஒளித்துவைக்கப்பட்ட இடத்தைப் பராமரிப்பவர் அறியாதிருக்கையில், அவரை நோக்கியும் தீண்டியும் குதிரைகள் மிகுதியாகக் குறிப்புணர்த்தின. அவர் அறிந்திருந்தபோது அத்துணை முயலவில்லை.

2018ஆம் ஆண்டில் இங்கிலாந்து ஆய்வாளர் வெளியிட்ட சோதனை ஹான்ஸின் வரலாற்றோடு நேரே தொடர்புடையது. ஒருவரின் சினமுகப் படத்தையோ மலர்ந்த முகப் படத்தையோ குதிரைக்குக் காட்டிச் சில மணி நேரத்தின் பின் அவரையே நேரில் நிறுத்தினர். அவர்தம் முகம் அப்போது விருப்பு வெறுப்பற்றிருந்தது. சினமுகப் படத்தைக் கண்ட குதிரைகள், தீங்கு அஞ்சும்போது நோக்குமாறு, அவரை இடக்கண்ணாலே மிகுதியாக நோக்கின. எந்தப் படம் காட்டப்பட்டதென்பதை வந்தவர் அறியாதவாறு மறைத்து வைத்தே அச்சோதனை நடந்தது. வினவுபவர் விடை அறியாதிருத்தல் வேண்டும் என்னும் அந்நெறி, பேர்லின் முற்றத்திற் கற்ற பாடமாகும்.

அப்பாடம் ஆசிரியர்க்கும் உரியது. புங்ஸ்ற்றின் நூலை 1965ஆம் ஆண்டில் மீண்டும் பதிப்பித்த அமெரிக்க உளநூலறிஞர் றொபேட் றோசென்தால், 1968ஆம் ஆண்டிலே லெனோர் ஜேக்கப்சன் என்பவரோடு இணைந்து, ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவரின் தேர்ச்சியைப் பாதிக்கின்றது எனும் கருத்தை வெளியிட்டார். அதன் அளவு எத்துணையது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும் வகுப்பறையிலே நிகழ்வதொன்றை எவரும் மறுத்தற்கில்லை. வினாவுக்கு விடையளிக்க எழும் மாணவன், கரும்பலகையை நோக்குவதினும் ஆசிரியரின் முகத்தையே அதிகம் நோக்குகின்றான். புருவம் நெரிந்தால் விடையை மாற்றுகின்றான். முகம் மலர்ந்தால் அதனைப் பற்றிக்கொள்கின்றான். ஆசிரியரோ, பாடம் விளங்கிவிட்டது என மகிழ்கின்றார். ஒஸ்ரனும் அவ்வாறே மகிழ்ந்தார். அத்தகைய மாணவன் தனித்துப் பரீட்சை மண்டபத்தில் அமரும்போது, கண்பட்டை கட்டப்பட்ட ஹான்ஸைப் போலத் தடுமாறுவான். அவனை அறிவிலி என்பதும் பொருந்தாது. முகக்குறிப்பறியும் நுண்ணறிவு அவனிடம் உண்டு. அதனைப் பாடத்தின்பாற் திருப்பும் பொறுப்பு ஆசிரியரைச் சார்ந்தது.

ஆகவே, குதிரைக்கு அறிவு உண்டா என்னும் வினாவுக்கு உண்டு என்பதே விடையாகும். மனித அறிவின் சிறியதொரு படியாக அதனைக் கொள்ளாது, கூட்டத்தோடு வாழவும், தீங்கறிந்து நீங்கவும், உடனுறைவோரின் குறிப்பறிந்து ஒழுகவும் அமைந்த தனியறிவாகக் கொள்ளுதல் வேண்டும். பிற உயிரின் அறிவை அளக்கப் புகுவோர், தாம் கேட்கும் வினா அவ்வுயிரின் வாழ்வுக்கு ஏற்றதா என்பதையும், விடையைத் தாமே கொடுத்துவிட்டுத் தாமே பெற்றுக்கொள்கின்றனரா என்பதையும் முதற்கண் ஆராய்தல் கடனாகும்.