பலகையை எழுப்பும் படிமம்

கணிப்பொறி என்றவுடன் திரையும் விசைப்பலகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், அவ்விரண்டும் இல்லாத கணிப்பொறிகளும் உலகில் எண்ணற்றவை. மருத்துவமனையில் நோயாளியின் அருகே நிற்கும் கருவியினுள்ளும், மழையளவைப் பதிவு செய்யும் நிலையத்தினுள்ளும் உள்ளங்கையளவுப் பலகையொன்று ஓசையின்றிப் பணியாற்றுகிறது. இத்தகைய பலகைகள் பலவற்றை இயக்குவது, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் ஆகும். அதன் உட்கருவாகிய கெர்னலைப் பலகைக்கேற்ற படிமமாக ஆயத்தம் செய்யும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

2013ஆம் ஆண்டில் வெளிவந்த பீகிள்போன் பிளாக் என்னும் பலகையைச் சான்றாகக் கொள்வோம். இதன் நினைவகம் 512 மெகாபைட். மின்சாரம் பாய்ந்த கணத்தில் இந்நினைவகம் பயன்படும் நிலையில் இல்லை. அதனைப் பணிக்கு ஆயத்தப்படுத்த வேண்டும். எனவே, சில்லினுள் நிலையாகப் பொறிக்கப்பட்டுள்ள சிறு நிரல் முதலில் இயங்கி, எம்எல்ஓ என்னும் சிறிய கோப்பைத் தேடியெடுத்துச் சில்லின் உள் நினைவகத்தில் வைக்கிறது. அக்கோப்பு வெளி நினைவகத்தை ஆயத்தப்படுத்தி, யூ-பூட் என்னும் ஏற்றியை அழைக்கிறது. யூ-பூட்தான் கெர்னலை நினைவகத்தில் ஏற்றி, ஆட்சியை அதனிடம் ஒப்படைக்கிறது. ஒவ்வொரு படியும் தன்னினும் பெரிய அடுத்த படியை எழுப்புகிறது எனலாம்.

இனிப் படிமத்திற்கு வருவோம். நம் மேசைக் கணிப்பொறியின் செயலி ஒரு வகை. பலகையின் ஆர்ம் செயலி வேறு வகை. ஆதலால், ஓரிடத்தில் இருந்துகொண்டு வேறிடத்திற்கான நிரலை ஆக்கித்தரும் குறுக்குத் தொகுப்பி தேவைப்படுகிறது. தொகுப்பின் முடிவில் கிடைக்கும் முழுக்கோப்பு மிகப் பெரியது. அதிலிருந்து இயங்குவதற்கு வேண்டியவற்றை மட்டும் பிரித்துச் சுருக்கி, தன்னைத்தானே விரித்துக்கொள்ளும் சிறு நிரலையும் முன்னே இணைத்தால் இசட்இமேஜ் உருவாகிறது.

இதன்மேல் 64 பைட் அளவுள்ள தலைப்பைச் சேர்த்தால் யூஇமேஜ் ஆகிறது. இத்தலைப்பு, அஞ்சல் உறையின் மேலுள்ள முகவரி போன்றது. பதினாறடிமான எண்முறையில் 27051956 என்னும் அடையாள எண்ணுடன் இது தொடங்குகிறது. படிமத்தின் அளவு, அது நினைவகத்தில் அமரவேண்டிய இடம், இயக்கம் தொடங்கும் இடம், 32 பைட்டுக்குள் அடங்கும் பெயர் ஆகியன இதில் உள்ளன. தலைப்புக்கு ஒன்றும் உள்ளடக்கத்திற்கு ஒன்றுமாக இரு சரிபார்ப்பு எண்களும் உண்டு. வழியில் ஒரேயொரு பிட் பழுதுபட்டாலும் எண் பொருந்தாது. யூ-பூட் அப்படிமத்தை இயக்க மறுத்துவிடும்.

படிமம் மட்டும் போதாது. மேசைக் கணிப்பொறியில் பெரும்பாலான உறுப்புகள் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்கின்றன. பலகையிலோ, எந்த உறுப்பு எந்த முகவரியில் உள்ளது என்பதைக் கெர்னலுக்கு நாம் சொல்லியாக வேண்டும். ஆர்ம் பலகைகள் பெருகியபோது, ஒவ்வொன்றின் விவரமும் கெர்னலின் மூல நிரலுக்குள்ளேயே குவிந்தது. 2011ஆம் ஆண்டில் டோர்வால்ட்ஸ் இதனைக் கடிந்துரைத்தார். அதன்பின், பலகையின் விவரத்தைக் கருவிமரம் என்னும் தனிக்கோப்பில் எழுதும் முறை ஆர்ம் உலகில் வேரூன்றியது.

இப்பலகையில் நினைவகம் பதினாறடிமானத்தில் 80000000 என்னும் முகவரியில் தொடங்குகிறது. கெர்னலை 82000000 என்னும் இடத்திலும், கருவிமரத்தை 88000000 என்னும் இடத்திலும் வைப்பது வழக்கம். இவ்விரண்டிற்கும் இடையே 96 மெகாபைட் இடைவெளி உண்டு. இவ்விடைவெளி வீணன்று. சுருங்கியிருந்த கெர்னல் விரியும்போது அருகிலிருப்பதை அழித்துவிடக்கூடும். கருவிமரம் அழிந்தால் கெர்னல் திசையறியாது நின்றுவிடும்.

ஒருமுறை நாம் ஆயத்தம் செய்த படிமம், கெர்னல் தொடங்குகிறது என்னும் அறிவிப்போடு மௌனமாகிவிட்டது. படிமமே பழுதென்று எண்ணி அரைநாள் முழுதும் மீண்டும் மீண்டும் தொகுத்தோம். முடிவில் பிழை வேறிடத்தில் இருந்தது. செய்திகளை வெளியிடும் தொடர்வாயிலின் பெயரை, கெர்னலுக்கு அளித்த கட்டளை வரியில் ஓரெழுத்து பிறழ எழுதியிருந்தோம். கெர்னல் செவ்வனே இயங்கிக்கொண்டுதான் இருந்தது; அதன் குரல்தான் நம்மை எட்டவில்லை. படிமத்தை ஐயுறுமுன் கட்டளை வரியை நோக்குக என்பது அன்று நாம் கற்ற பாடம்.

ஆய்வுக்கூடத்தில் இத்தகைய பிழை அரைநாளை மட்டுமே விழுங்கும். மலையுச்சி நிலையத்தில் நிகழின், அடுத்த ஆள் ஏறிச்செல்லும்வரை பதிவேடு வெறுமையாகவே இருக்கும். ஆகவே, புதிய படிமத்தைப் பழையதன்மேல் எழுதலாகாது. இரண்டையும் தனித்தனி இடங்களில் வைத்து, புதியது எழாவிடின் பழையதற்குத் திரும்புமாறு யூ-பூட்டைப் பணித்தல் வேண்டும். மேலும், சரிபார்ப்பு எண் பழுதைக் காட்டுமேயன்றி வஞ்சகத்தைக் காட்டாது. படிமத்தை மாற்றுபவர் எண்ணையும் மாற்றிவிடலாம். அதனைத் தடுக்கவே இன்று படிமங்களுக்கு மின்னணுக் கையொப்பம் இடுகின்றனர்.

கண்ணுக்குப் புலப்படாத இப்பணியில் சிறு கவனக்குறைவும் ஒரு கருவியை வெறும் கல்லாக்கிவிடும். ஒவ்வொரு படியையும் காரணம் அறிந்து செய்தால், பிழை நேர்ந்தாலும் அது எப்படியில் நேர்ந்தது என்று கண்டு திருத்த இயலும். மாணவர்கள் ஒரு சிறு பலகையை வாங்கி, தம் கையால் ஒரு படிமத்தையேனும் ஆக்கிப் பார்ப்பார்களாக.