கொட்டகைக்கும் அனுமதி வேண்டும்



வீடு கட்ட அனுமதி வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால், வீட்டுக்குப் பின்னால் மரக்கட்டைகளை நட்டு ஒரு கொட்டகை போடுவதற்கும் அனுமதி வேண்டும் என்றால் பலர் நம்புவதில்லை. “நாலு கட்டை, ஆறு தகரம், இதற்கு யாரைக் கேட்பது?” என்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் 70ஆம் பிரிவின்படி, ஊராட்சி மன்றத்தின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது. கட்டடம் என்றால் கல்வீடு மட்டும்தானா? இல்லை. குடிசை, கொட்டகை, கூரை போட்டு அடைத்த இடம் எல்லாமே கட்டடம்தான். அதில் மனிதர் குடியிருந்தாலும் சரி, விறகு கிடந்தாலும் சரி.

ஆகவே, கடப்பாரையைக் கையில் எடுக்குமுன் நாம் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதல் கேள்வி: நிலம் யாருடையது?

தோட்ட லயத்தில் இருப்பவர்களுக்கு வீடும் நிலமும் நிர்வாகத்துக்குச் சொந்தம். எத்தனை தலைமுறை வாழ்ந்திருந்தாலும் நில உரிமையாளர் என்ற முறையில் நாம் மனுச் செய்ய முடியாது. முதலில் நிர்வாகியின் சம்மதத்தைக் கடிதமாகப் பெற வேண்டும். கிராணியார் வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது. நிர்வாகம் மாறும்போது வாய்வார்த்தையும் அதோடு போய்விடும்.

சொந்த நிலம் வாங்கியவர்கள் கிராண்டை எடுத்துப் பார்க்க வேண்டும். அது விவசாய நிலமா, கட்டட நிலமா என்று அதில் எழுதியிருக்கும். நிபந்தனைக்கு மாறாகக் கட்டினால் நில அலுவலகமும் கேள்வி கேட்கும்.

அரசாங்க நிலத்தில் தற்காலிக உரிமம், அதாவது டி.ஓ.எல்., வைத்திருப்பவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்த உரிமம் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் முடிந்துவிடும். பிள்ளைகளுக்குத் தானாக வராது. அத்தகைய நிலத்தில் பெரும் பணத்தைக் கொட்டுவது அறிவுடைமை ஆகாது.

இரண்டாவது கேள்வி: மரம் எங்கிருந்து வருகிறது?

அரசாங்க நிலத்திலோ, ஒதுக்கப்பட்ட காட்டிலோ உரிமம் இல்லாமல் மரம் வெட்டுவது 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம். மரம் கொண்டுவரும் லாரிக்காரரிடம் காட்டிலாகாவின் பாஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். பலகைக் கடையில் வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மறுநடவுக்காகச் சாய்த்த பால்மரம் மலிவாகக் கிடைக்கும். அதுவும் தோட்டத்தின் சொத்து. கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மேலும், மருந்து ஏற்றாத பால்மரத்தைப் பூஞ்சணமும் வண்டும் விரைவில் தாக்கும். மண்ணில் நட்டால் சீக்கிரம் இற்றுப்போகும். விறகுக்கு நல்லது, தூணுக்கு ஆகாது. செங்கால் போன்ற வைர மரமே தூணுக்கு ஏற்றது.

மூன்றாவது கேள்வி: கொட்டகை எதற்கு?

சாமான் வைக்கும் ஸ்டோர் வேறு. மனிதர் தூங்கும் அறை வேறு. மகனுக்குத் திருமணமானதும் ஸ்டோரில் கட்டில் போட்டுவிடுகிறோம். அதன் பிறகு அது ஸ்டோர் அல்ல. 1984ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி, குடியிருக்கும் அறைக்குத் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வெளிச்சத்துக்கு ஜன்னல் வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறையானால் 10 சதுர அடி. அதில் பாதியளவாவது காற்று வரத் திறந்திருக்க வேண்டும். எதற்காகக் கட்டுகிறோமோ, அதையே மனுவில் உண்மையாக எழுத வேண்டும்.

இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தபின் மாவட்ட மன்றத்துக்கோ நகராண்மைக் கழகத்துக்கோ செல்லுங்கள். கட்டடப் பிரிவில், “சிறு கட்டட வேலைக்கு என்ன பாரம்?” என்று கேளுங்கள். சில மன்றங்கள் எளிய வரைபடத்தை ஏற்கும். சில, பதிவு பெற்ற வரைவாளரின் பிளானைக் கேட்கும். முன்கூட்டியே விசாரித்தால் வீண் செலவு மிஞ்சும். கிராண்டின் நகல், அடையாளக் கார்டு நகல், நில வரி, மதிப்பீட்டு வரி ரசீதுகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். வீடு, கால்வாய், சாலை, பக்கத்து வீட்டு வேலி ஆகியவற்றிலிருந்து கொட்டகை எத்தனை அடி தள்ளி இருக்கும் என்பதை வரைந்து காட்டுங்கள். மன்றம் முதலில் பார்ப்பது இதைத்தான். மரக் கொட்டகையில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குத் தாவும். கால்வாயின் மேல் தூண் நட்டால் மழை வெள்ளம் லயத்துக்குள் புகும். விதி நம்மைத் தொல்லைப்படுத்த வந்ததல்ல.

கட்டணத்தை முகப்பிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். “நான் முடித்துத் தருகிறேன்” என்று வெளியே நிற்பவரிடம் வெள்ளியைக் கொடுக்காதீர்கள். அனுமதி கிடைத்தபின் அதைப் பெட்டியில் பூட்டி வைத்துவிடவும் கூடாது. 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அந்த அனுமதி காலாவதியாகிவிடும்.

அனுமதி இல்லாமல் கட்டினால் என்ன ஆகும்? அபராதம் வரலாம், கட்டியதை இடிக்கவும் உத்தரவு வரலாம். சேமநிதிப் பணத்தில் எழுப்பிய கொட்டகை ஒரே காலையில் தரைமட்டமாகும். ஆகவே நேயர்களே, கடிதம் கைக்கு வரட்டும்; அதன் பிறகு தூண் மண்ணுக்குள் போகட்டும்.