சாதுவா? சண்டைக்காரனா? வீட்டுத் தொட்டியில் "தேவதை" மீன்!

கண்ணாடித் தொட்டியில் அது நீந்தும் அழகே தனி!

வட்டமான, தட்டையான உடம்பு. மேலும் கீழும் இறக்கை போல நீண்ட துடுப்புகள். வெள்ளி நிறத்தின் மீது கறுப்புப் பட்டைகள். இதன் பெயர், "ஏஞ்சல்" மீன். "ஏஞ்சல்" என்றால் தேவதை என்று பொருள்.

ஆனால், ஒரு நாள் காலையில் தொட்டியைப் பார்த்தால், கூட இருந்த குட்டி மீன்களைக் காணோம்! தின்றது யார்? இந்தத் தேவதைதான்!

அமேசான் ஆற்று மீன்

ஏஞ்சலின் தாயகம், தென் அமெரிக்கா. அமேசான் ஆற்றிலும் அதன் துணை ஆறுகளிலும் வாழ்கிறது. மெதுவாக ஓடும் தண்ணீரில், செடிகளுக்கு நடுவே நிற்கும். தட்டையான உடம்பு, இடுக்குகளில் நுழைய உதவும். கறுப்புப் பட்டை, ஒளிந்துகொள்ள உதவும்.

இது "சிக்லிட்" குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டுக் குளங்களில் பிடிபடும் ஜிலேபி மீனும், கேரளத்தின் கரிமீனும் இதே குடும்பம்தான். இந்தக் குடும்பத்தில் சண்டைக்கார மீன்கள் அதிகம். ஏஞ்சல் பாதி சாது, பாதி சண்டைக்காரன்!

காரணம் மூன்று

அது சண்டைக்குப் போவதற்குக் காரணம் மூன்று.

ஒன்று, பசி. வாய்க்குள் நுழையும் மீன் எல்லாம் அதற்கு இரை. ஆகவே, வளர்ந்த ஏஞ்சலுடன் "நியான் டெட்ரா" போன்ற சின்ன மீன்களை விடக்கூடாது. "டைகர் பார்ப்" மீனும் ஆகாது. அது ஏஞ்சலின் துடுப்பைக் கடித்துவிடும்.

இரண்டு, இட நெருக்கடி. தொட்டி சிறியதாக இருந்தால், பலமுள்ள மீன் மற்றதைத் துரத்தும். கடையில் வாங்கும்போது குஞ்சு, ரூபாய் நாணயம் அளவே இருக்கும். வளர்ந்தால் 15 சென்டிமீட்டர் நீளம் வரும்! ஒரு ஜோடிக்கு 100 லிட்டர் தண்ணீராவது வேண்டும். தொட்டி, ஒன்றரை அடி உயரம் இருப்பது நல்லது.

மூன்று, பிள்ளைப் பாசம். இலையின் மீது வரிசையாக முட்டையிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறிக் காவல் இருக்கும். துடுப்பால் விசிறிவிடும். கிட்டே வரும் மீனை விரட்டி அடிக்கும். அப்போது கண்ணாடியைத் தட்டி வேடிக்கை பார்க்கக்கூடாது. மிரண்டு போனால், தன் முட்டையைத் தானே தின்றுவிடும்!

தண்ணீரே உயிர்

வாங்கிய ஒரு வாரத்தில் மீன் செத்து மிதப்பதும், குழந்தை அழுவதும் பல வீடுகளில் நடப்பது உண்டு. பெரும்பாலும் காரணம், தண்ணீர்தான்.

மீனின் கழிவிலிருந்து "அம்மோனியா" என்ற நஞ்சு உண்டாகிறது. அதை மாற்றும் நல்ல கிருமிகள், வடிகட்டியில் வளரச் சில வாரங்கள் ஆகும். எனவே, புதுத் தொட்டியில் ஒரேயடியாகப் பல மீன்களை விடக்கூடாது.

தண்ணீர் முழுவதையும் கொட்டிவிடவும் கூடாது. வாரம் ஒரு முறை கால் பங்கு மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், அதை நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும். 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருக்கலாம்.

நன்றாகக் கவனித்தால் ஏஞ்சல் 10 ஆண்டுகள் வரை வாழும். பள்ளிக்கூடத்தில் சேரும்போது குழந்தை வாங்கிய மீன், அது பத்தாம் வகுப்புக்குப் போகும்போதும் தொட்டியில் நீந்திக்கொண்டு இருக்கும்!