கட்டி வளர்ந்ததா, அளந்த விதம் மாறியதா?

கல்லீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவரின் சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் குடும்பமே முதலில் தேடுவது கட்டியின் அளவைத்தான். போன தடவை 32 மில்லிமீட்டர், இப்போது 36 என்றால் வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. அந்த 4 மில்லிமீட்டர் உண்மையான வளர்ச்சிதானா என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

புற்றுநோய் மருத்துவர்கள் பின்பற்றும் 'ரெசிஸ்ட் 1.1' விதிகள் (2009) இந்த ஐயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. தேர்ந்தெடுத்த கட்டிகளின் நீளங்களைக் கூட்டிப் பார்க்கும்போது, சிகிச்சைக் காலத்தில் பதிவான மிகக் குறைந்த அளவைவிட 20 சதவீதமும், குறைந்தது 5 மில்லிமீட்டரும் கூடியிருந்தால்தான் அது வளர்ச்சி. புதிதாக ஒரு கட்டி முளைத்திருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். நோய் பரவுகிறது என்றுதான் பொருள்.

கல்லீரலில் அளவு பிசகப் பெரிய காரணம், படம் எடுக்கும் நேரம். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வளர்வது. அதனால் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிய சுமார் 35 வினாடியில் கட்டி பளிச்சிடும். 70 வினாடியில் சுற்றியுள்ள கல்லீரலும் ஒளிர்ந்துவிட, கட்டியின் விளிம்பு வேறு மாதிரித் தெரியும். ஒருமுறை முதல் கட்டப் படத்திலும் மறுமுறை அடுத்த கட்டப் படத்திலும் அளந்தால், கட்டி அப்படியே இருந்தாலும் எண் மாறிவிடும். படத்துண்டின் தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலும், அளக்கும் மருத்துவர் மாறினாலும் இதே சிக்கல்தான்.

கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் 'டேஸ்' சிகிச்சை பெற்றவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கட்டி செத்த பிறகும் அதன் பருமன் சில மாதம் குறையாமல் இருக்கலாம். உயிரோடு இருக்கும் பகுதியை மட்டும் அளக்க 2010இல் திருத்திய விதிகள் வந்தன. 'அளவு குறையவில்லை' என்ற ஒரு வரியை நம்பி, பலன் தரும் சிகிச்சையைக் கைவிட்டுவிடக் கூடாது.

இரட்டை ஆற்றல் சி.டி., 2021இல் அமெரிக்கா அனுமதித்த ஃபோட்டான் எண்ணும் சி.டி. போன்ற கருவிகள் விளிம்பைத் தெளிவாகக் காட்டும். ஆனால் தவறான நேரத்தில் எடுத்த படத்தை எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. எனவே முடிந்தவரை ஒரே மையத்தில் ஒரே முறையில் எடுங்கள். பழைய படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கொண்டுபோங்கள்; ஃபிலிம் மட்டும் போதாது. எந்தக் கட்டத்தில் அளந்தார்கள், எந்தத் தேதிப் படத்தோடு ஒப்பிட்டார்கள் என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறோ ஒவ்வாமையோ இருந்தால் கான்ட்ராஸ்ட் ஏற்றும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இந்தியாவில் நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். மற்றொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதையும் யாரும் தடுக்கக் கூடாது. அலட்சியத்தால் பாதிப்பு நேர்ந்திருந்தால், வேறொரு கதிரியக்க மருத்துவரிடம் எழுத்துமூலம் கருத்து வாங்கிக்கொண்டு மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சை என்றால் 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி அங்கே இலவச சட்ட உதவி உண்டு.